கொண்டுபோய் விட்ட நாய்கள்: ஒரு வரலாற்றுப் பாடம்



சில மாதங்களுக்கு முன்பு எங்கள் பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு சிக்கல் பேசப்பட்டது. பள்ளியின் பின்வேலியை ஒட்டிச் செம்பனைத் தோட்டம் உள்ளது. அங்கே வெட்டிப் போடப்பட்டிருந்த மட்டைக் குவியலுக்குள் ஒரு பெண் நாய் ஐந்து குட்டிகளை ஈன்றிருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத நாய். மனிதரைக் கண்டால் ஓடும். குட்டிகளை நெருங்கினால் சீறும். இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் பந்தெடுக்கச் சென்றபோது அது துரத்தியிருக்கிறது. நல்லவேளையாகக் கடிக்கவில்லை.

நகராண்மைக் கழகத்தை அழைத்தால் பிடித்துக் கொன்றுவிடுவார்களே என்று சிலர் தயங்கினார்கள். அப்போது ஒரு தந்தை எழுந்து, "கொல்ல வேண்டாம் சார், பாவம். என்னிடம் வேன் இருக்கிறது. தூரத்தில் ஏதாவது ஒரு செம்பனைக் காட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகிறேன். எங்காவது பிழைத்துக்கொள்ளட்டும்" என்றார். கூட்டத்தில் பலரும் தலையசைத்தார்கள். இரக்கமுள்ள தீர்வாகவே அது எல்லாருக்கும் தோன்றியது. உண்மையைச் சொன்னால், என் தலையும் பாதி அசைந்துவிட்டது. "எங்காவது பிழைத்துக்கொள்ளட்டும்" என்ற அந்தச் சொற்கள்தாம் என்னைத் தடுத்து நிறுத்தின.

அதே சொற்களை என் ஒன்பதாம் வயதில் நான் கேட்டிருக்கிறேன். பேராக் மாநிலத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் என் தந்தை பால்மரம் சீவிக்கொண்டிருந்த காலம் அது. லயத்தில் நாய்கள் பெருகிவிட்டன, குறிப்பிட்ட நாளில் சுடப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. எங்கள் வீட்டு வாசலில் கிடந்த மணியை அப்பா கோணிச் சாக்கில் போட்டுக் கட்டி, மோட்டார் சைக்கிளில் ஏற்றி, ஆற்றுக்கு அப்பால் பத்துக் கட்டை தொலைவில் இருந்த வேறொரு தோட்டத்தில் விட்டுவிட்டு வந்தார். "எங்காவது பிழைத்துக்கொள்ளும்" என்றார். சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தவன் நான்தான். மணி பிழைத்ததா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று கூட்டத்தில், "இரண்டு வாரம் பொறுங்கள்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். அந்த இரண்டு வாரங்களில் நான் படித்ததும், பின்னர் நாங்கள் செய்ததும்தான் இந்தக் கட்டுரை. நாய்களை என்ன செய்வது என்ற கேள்வி புதியதன்று. அதற்கு உலகம் பல விடைகளை முயன்று பார்த்திருக்கிறது. எந்த விடை பலித்தது, எது பொய்த்தது என்பதற்கு வரலாறு இருக்கிறது.

பாறைத் தீவில் பசித்த நாய்கள்: 1910

உதுமானியப் பேரரசின் தலைநகராக விளங்கிய இஸ்தான்புல் நகரில் தெருநாய்கள் நூற்றாண்டுகளாக மக்களோடு வாழ்ந்து வந்தன. ஒவ்வொரு வட்டாரத்திற்கும் அதற்கென்று ஒரு நாய்க் கூட்டம். அவை குப்பைகளைத் தின்றன, இரவில் அந்நியரைக் கண்டால் குரைத்தன, மக்கள் உணவிட்டார்கள். 1908-ஆம் ஆண்டு இளந்துருக்கியர் புரட்சிக்குப் பின் நகரை ஐரோப்பிய நகரங்களைப் போல ஆக்க வேண்டும் என்ற வேட்கை எழுந்தது. நவீன நகரில் தெருநாய்க்கு இடமில்லை என்று முடிவாயிற்று.

1910-ஆம் ஆண்டு நகராட்சி நாய்களைப் பிடித்துக் கூண்டுகளில் அடைத்துக் கப்பலேற்றி, மர்மரா கடலில் உள்ள சிவ்ரியாதா என்னும் தீவில் இறக்கிவிட்டது. அது வெறும் பாறை. குடிநீர் இல்லை, இரையும் இல்லை. அனுப்பப்பட்ட நாய்களின் எண்ணிக்கையைப் பலவாறாகச் சொல்கிறார்கள். பல பத்தாயிரம் என்பதில் ஐயமில்லை. 80,000 என்ற கணக்கும் உண்டு. பசியாலும் தாகத்தாலும் அவை ஒன்றையொன்று தின்றன. காற்று கரையை நோக்கி வீசிய நாள்களில் அவற்றின் ஊளை நகரம் வரை கேட்டது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பின்னர் நேர்ந்த போர்களையும் பேரிடர்களையும் அந்த நாய்களின் சாபம் என்றே மக்கள் பேசிக்கொண்டார்கள். நூறாண்டு கழித்து, 2010-இல், இந்நிகழ்ச்சியைக் கருவாகக் கொண்டு செர்ஜ் அவெதிகியான் உருவாக்கிய அசைவோவியக் குறும்படம் கான் திரைப்பட விழாவில் தங்கப்பனை விருது பெற்றது.

சரி, நாய்கள் ஒழிந்தனவா? இல்லை. எஞ்சியவை பெருகின, புறநகரிலிருந்து புதியவை வந்தன. 2004-இல் துருக்கி, நாய்களைப் பிடித்துக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்று சட்டம் இயற்றியது. அது முழுமையாக நிறைவேற்றப்படவில்லை. 2024 ஜூலையில் அச்சட்டத்தைத் திருத்தி, தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கும் புதிய சட்டத்தை நிறைவேற்றினார்கள். அதை எதிர்த்தவர்கள் முதலில் நினைவூட்டியது 1910-ஐத்தான்.

நம் கரையோரத்திலேயே: 2009

இஸ்தான்புல் எங்கோ இருக்கிறது என்று நாம் ஆறுதல் கொள்ள முடியாது. போர்ட் கிள்ளானிலிருந்து படகில் ஏறினால் ஒரு மணி நேரத்திற்குள் புலாவ் கெத்தாம் வந்துவிடும். நண்டுத் தீவு என்று பொருள். சேற்றில் மரக்கால்களை ஊன்றி அவற்றின்மேல் வீடுகள் கட்டப்பட்ட சீன மீனவர் குடியிருப்பு. நம்மில் பலர் மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்லும் இடந்தான்.

அங்கே தெருநாய்கள் பெருகிவிட்டன. கடிக்கின்றன, அசுத்தம் செய்கின்றன என்ற முறையீடு நெடுநாளாக இருந்தது. 2009-ஆம் ஆண்டு கிராமத்தார் முந்நூறுக்கும் மேற்பட்ட நாய்களைப் பிடித்து, அருகிலுள்ள ஆளில்லாத அலையாத்திக் காட்டுத் தீவுகள் இரண்டில் விட்டுவிட்டார்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். கொல்வதைவிட இது மேல் என்பதே அவர்கள் கருத்து. எங்கள் கூட்டத்தில் எழுந்து பேசிய தந்தையின் கருத்தும் அதுதானே!

ஆனால் அலையாத்திக் காடு நாய் வாழும் இடமா? நாளுக்கு இருமுறை கடல்நீர் ஏறும். நிற்க உலர்ந்த தரையில்லை. குடிக்க நன்னீர் இல்லை. உப்புநீரைக் குடிக்கக் குடிக்கத் தாகம் மிகும், சிறுநீரகம் கெடும். சேற்றில் கூர்மையாக நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்கள் பாதங்களைக் கிழிக்கும். நண்டும் சேற்றுமீனும் பிடிக்கக் கற்றுக்கொண்டவை சில நாள் கூடுதலாகப் பிழைத்தன. பட்டினியில் நாய்கள் செத்த நாய்களைத் தின்றதாக வெளிவந்த செய்தி உலக நாளிதழ்களில் எல்லாம் இடம்பெற்றது. 1910-இன் கதை ஏறத்தாழ நூறாண்டு கழித்து நம் சிலாங்கூர்க் கடலோரத்தில் அப்படியே நிகழ்ந்தது.

செய்தி அறிந்த விலங்கு நல அமைப்பினரும் தன்னார்வலர்களும் படகுகளில் சென்றார்கள். மீட்பு என்பது நாம் நினைப்பதுபோல் எளிதாக இல்லை. நீர் ஏறும் நேரம் பார்த்துத்தான் படகு கரையணைய முடியும். சில நாய்கள் படகைக் கண்டதும் நீந்தி வந்தன. ஆனால் பிடிபட்டபோது பட்ட துன்பத்தை மறவாத நாய்கள் மனிதக் குரல் கேட்டதும் காட்டுக்குள் ஓடி மறைந்தன. அவற்றுக்காக உணவும் நீரும் வைத்துவிட்டுத் திரும்பி வரவேண்டியிருந்தது. மீட்கப்பட்டவை ஒரு பகுதிதான். மற்றவை மீண்டு வரவில்லை.

இந்த நிகழ்ச்சியில் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. கைவிடப்படும் நாய் அதன்பிறகு எத்தனை நாள் உயிரோடு இருந்தாலும் அதை நாம் பார்க்கப் போவதில்லை. கண்ணுக்குத் தெரியாததால் அது பிழைத்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறோம். செம்பனைக் காட்டில் விட்டாலும் அதே நிலைதான். பழகிய இடத்தில் எங்கே நீர், எங்கே உணவு, யார் நண்பர் என்று அது அறியும். புதிய இடத்தில் ஏற்கெனவே உள்ள நாய்க் கூட்டம் அதை விரட்டிக் கடிக்கும். குட்டிகளுக்கு அங்கே வாழ்வேயில்லை.

கொன்றால் தீருமா?

"அப்படியானால் கொல்வதே மேல், வேதனையாவது குறையும்" என்று சிலர் சொல்லக்கூடும். அதற்கும் வரலாறு இருக்கிறது. நாய் என்றதும் நம் அச்சத்துக்குக் காரணமான வெறிநாய்க்கடி நோயின் வரலாறு அது. அந்த அச்சம் நியாயமானது. உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் அந்நோயால் இறப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர்களில் பத்தில் நான்கு பேர் பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்கள். நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் மரணம் ஏறத்தாழ உறுதி. பிள்ளைகளைப் பெற்றவர்கள் அஞ்சாமல் இருக்க முடியாது.

மலாயாவில் இந்நோய் தாய்லாந்து எல்லையோரமாக மீண்டும் மீண்டும் நுழைந்து வந்தது. 1952-ஆம் ஆண்டு கடுமையாகப் பரவியது. அவசரகாலம் நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. அரசு இரண்டு காரியங்களைச் செய்தது. உரிமையாளர் இல்லாத நாய்களை அழித்தது. உரிமையாளர் உள்ள நாய்களுக்குக் கட்டாயமாகத் தடுப்பூசி போட்டது. கோழிமுட்டைக் கருவில் வளர்த்து வலுவிழக்கச் செய்த, ஒரே ஊசியில் போடக்கூடிய புதிய மருந்து அப்போதுதான் வந்திருந்தது. சில ஆண்டுகளுக்குள் நோய் அடங்கியது. பின்னர் பெர்லிஸ், கெடா, பேராக், கிளந்தான் மாநிலங்களின் எல்லை நெடுக ஐம்பது முதல் எண்பது கிலோமீட்டர் அகலத்தில் ஒரு காப்பு வளையம் அமைத்து, அங்குள்ள நாய்களுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டு வந்தார்கள். அதைச் செயல்படுத்தியவர்களில் ஒருவரான வெல்ஸ் 1954-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் எழுதிய கட்டுரையின் தலைப்பே, நாய்களுக்குக் கட்டாயமாகப் பெருந்திரளாகத் தடுப்பூசி போட்டு மலாயாவில் நோயைக் கட்டுப்படுத்தியதைப் பற்றியது. அன்று சுட்டதும் உண்டு, ஊசி போட்டதும் உண்டு. இரண்டில் எது நோயை நிறுத்தியது?

இதற்கு விடையை இந்தோனேசியாவின் புளோரெஸ் தீவு தருகிறது. 1997 செப்டம்பரில் பூட்டோன் தீவிலிருந்து மீனவர்கள் படகில் கொண்டுவந்த மூன்று நாய்களின் வழியாக லாரந்துக்கா நகரில் நோய் நுழைந்தது. அதுவரை அத்தீவில் அந்நோய் இருந்ததில்லை. அதிகாரிகள் நாய்களைக் கொல்லத் தொடங்கினார்கள். நோய் தொடங்கிய மாவட்டத்தில் பெரும்பாலான நாய்கள் கொல்லப்பட்டன. ஆயினும் நோய் நிற்கவில்லை. தீவு முழுவதும் பரவியது. ஏன்? தன் நாயை இழக்க விரும்பாதவர் அதை மறைத்து அடுத்த ஊருக்குக் கொண்டு சென்றார். நாயை இழந்தவர் தோட்டத்தைக் காக்கப் புதிய குட்டியை வாங்கி வந்தார். அந்தக் குட்டிக்குத் தடுப்பாற்றல் கிடையாது. நோய் நடமாட வழி ஏற்பட்டது.

பாலித் தீவில் 2008-இல் இதே பிழை திரும்பவும் நிகழ்ந்தது. நஞ்சு தடவிய அம்புகளால் நாய்களைக் கொன்றார்கள். தடுப்பூசி போடப்பட்ட நாய்களும் அவற்றோடு மாண்டன. 2010-ஆம் ஆண்டில் மட்டும் எண்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவ்வாண்டு அக்டோபரில் வழியை மாற்றினார்கள். பயிற்சி பெற்ற குழுக்கள் வலையோடு ஊர் ஊராகச் சென்று, நாயைப் பிடித்து, ஊசி போட்டு, கழுத்தில் வண்ணப் பட்டை கட்டி, அங்கேயே விட்டன. ஏறத்தாழ ஆறு மாதங்களில் இரண்டு லட்சம் நாய்கள்! அடுத்த ஈராண்டுகளில் மனித உயிரிழப்பு பன்மடங்கு குறைந்தது.

இதன் கணக்கு மாணவர்களுக்கும் விளங்கும். ஒரு வட்டாரத்து நாய்களில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பாற்றல் இருந்தால், நோயுற்ற நாய் கடிக்கும் நாய்களில் பெரும்பாலானவை நோயை ஏற்காது, சங்கிலி அறுந்துவிடும். ஆனால் நாயின் ஆயுள் குறைவு, குட்டிகளோ மிகுதி. எனவே அந்த எழுபது அடுத்த ஆண்டிலேயே ஐம்பதாகிவிடக்கூடும். ஆண்டுதோறும் ஊசி போடவேண்டும். பிறப்பைக் குறைக்க வேண்டும். ஊசி போட்ட நாய் அந்த ஊருக்குக் காவலன். அதைக் கொன்றால் அதன் இடத்துக்கு ஊசி போடாத நாய்தான் வரும்.

சென்னையில் தோன்றிய ஒரு வழி

பிறப்பைக் குறைக்கும் வழியைப் பெரிய அளவில் முதலில் முன்வைத்தவர்களில் ஒரு தமிழ்நாட்டு அமைப்பும் உண்டு என்பது நாம் பெருமை கொள்ளத்தக்கது. 1959-இல் கேப்டன் வே. சுந்தரம் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு, 1960-களின் நடுவில், கொல்லுவதற்கு மாறாகக் கருத்தடை செய்து தடுப்பூசி போட்டு விடும் திட்டத்தை மாநகராட்சியிடம் எடுத்துரைத்தது. சென்னை மாநகராட்சி 1860-ஆம் ஆண்டு முதல் தெருநாய்களைக் கொன்று வந்திருக்கிறது. நூறாண்டுக்கு மேல் கொன்றும் நாய்கள் குறையவில்லை. 1995 வாக்கில் நாளொன்றுக்கு 135 நாய்கள் கொல்லப்பட்டன என்கிறது அவ்வமைப்பு. கொல்லும் எண்ணிக்கை ஏறியதே தவிர, கொல்ல வேண்டிய தேவை தீரவில்லை. 1996-இல்தான் மாநகராட்சி புதிய வழிக்கு வந்தது. 2001-இல் இந்திய அரசு அதை நாடு முழுமைக்கும் விதியாக்கியது. அவ்விதி ஒழுங்காக நிறைவேறாத ஊர்களில் இன்றும் சிக்கல் நீடிக்கிறது. 2025-இல் இந்திய உச்ச நீதிமன்றம் வரை அது சென்றது. வழி சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதில் இடைவிடாமல் நடக்கவும் வேண்டும்.

பிடித்தபின் என்ன செய்கிறார்கள்?

எங்கள் பள்ளிக்கு உதவ முன்வந்த கால்நடை மருத்துவரிடமும் தன்னார்வலர்களிடமும் நான் அருகிருந்து கற்றவை பல. பெற்றோர்களுக்கும் பயன்படும் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலாவது, மனிதரோடு பழகாத நாயைத் துரத்திப் பிடிக்கக் கூடாது. நாள்தோறும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வைக்கிறார்கள். அடுத்து, கதவைத் திறந்தபடி கட்டிவைத்த கூண்டுக்குள் உணவை வைக்கிறார்கள். சில நாள்களில் அது அச்சமின்றி உள்ளே சென்று உண்ணும். அதன்பிறகுதான் கதவு விழும்படி செய்கிறார்கள். எங்கள் தாய் நாய்க்குப் பதினொரு நாள் பிடித்தது.

இரண்டாவது, பட்டினியால் எலும்பும் தோலுமான நாய்க்கு வயிறு நிறைய உணவிடுவது ஆபத்து. நெடுநாள் பட்டினி கிடந்த உடலில் திடீரென்று உணவு சேர்ந்தால் இரத்தத்தில் உள்ள உப்புகளின் அளவு நிலைகுலைந்து இதயம் நின்றுவிடலாம். இரண்டாம் உலகப் போரின் முடிவில் சிறை முகாம்களிலிருந்து மீண்டவர்களிடம் மருத்துவர்கள் கண்டறிந்த உண்மை இது. சிறிது சிறிதாக, பலமுறை கொடுக்க வேண்டும். இரக்கத்திற்கும் அறிவு வேண்டும் போலும்!

மூன்றாவது, உண்ணி. உண்ணிக் காய்ச்சலுக்கு நம் வட்டாரத்தில் ஒரு வரலாறு உண்டு. அதை உண்டாக்கும் கிருமியை 1935-இல் அல்ஜீரியாவில் கண்டறிந்தார்கள். 1960-களில் சிங்கப்பூரில் இருந்த பிரிட்டிஷ் இராணுவ நாய்கள் மூக்கில் இரத்தம் வடிந்து இறக்கத் தொடங்கின. பிறகு வியட்நாம் போரில் அமெரிக்கப் படையின் நாய்கள் நூற்றுக்கணக்கில் மாண்டன. எல்லாம் அதே நோய்தான். இன்று டாக்சிசைக்ளின் மாத்திரையைச் சில வாரங்கள் தொடர்ந்து கொடுத்தால் பெரும்பாலானவை தேறிவிடுகின்றன.

நான்காவது, சொறி. மயிர் உதிர்ந்து, தோல் தடித்து, பார்க்கவே அஞ்சத்தக்க நாய்களைக் கண்டிருப்பீர்கள். கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி செய்யும் வேலை அது. ஐவர்மெக்டின் என்னும் மருந்து அதைத் தீர்க்கிறது. ஜப்பானிய மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து அதைக் கண்டெடுத்த ஒமுராவும் கேம்ப்பெலும் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள். சில இன நாய்களுக்கு அம்மருந்து ஒவ்வாது. ஆகவே மருத்துவர் சொல்லாமல் கொடுக்கலாகாது.

ஐந்தாவதுதான் என்னை வியக்க வைத்தது. தெருநாய்களிடையே இனச்சேர்க்கையால் தொற்றும் ஒருவகைப் புற்றுநோய் இருக்கிறது. புற்றுநோய் தொற்றாது என்று நாம் படித்திருக்கிறோம். ஆனால் இதில் புற்று அணுக்களே ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்குக் குடிபெயர்கின்றன. பல ஆயிரம் ஆண்டுகளுக்குமுன் வாழ்ந்து மறைந்த ஒரே ஒரு நாயின் அணுக்கள்தாம் இன்றும் உலகெங்கும் பரவி வாழ்கின்றன! இதற்கு மருந்து வின்கிரிஸ்டின். வாரம் ஒரு முறை, சில வாரங்கள் ஊசி போட்டால் பெரும்பாலும் முற்றிலும் குணமாகிறது. அந்த மருந்து எதிலிருந்து வருகிறது தெரியுமா? நித்தியகல்யாணிச் செடியிலிருந்து. நம் பள்ளித் தோட்டங்களில், கோயில் நந்தவனங்களில் பூத்துக் கிடக்கும் அதே செடி. இரத்தப் புற்றுநோயால் வாடும் குழந்தைகளுக்கும் அதே மருந்துதான். அறிவியல் பாடத்தில் இதைச் சொல்லிப் பாருங்கள். மாணவர்கள் அந்தச் செடியைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

இறுதியாகக் கருத்தடையும் தடுப்பூசியும். நாயின் கருக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஆண்டுக்கு இருமுறை ஈனக்கூடும். ஒரு பெண் நாய்க்குச் செய்யும் அறுவை, பிறந்து பட்டினியில் சாகவிருக்கும் பல குட்டிகளைப் பிறக்காமல் தடுக்கிறது. அறுவை முடிந்ததற்கு அடையாளமாகக் காதின் நுனியில் சிறிது வெட்டிவிடுகிறார்கள். காதில் அந்த அடையாளத்தைக் கண்டால், "இது கருத்தடை செய்யப்பட்ட நாய்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

சரவாக் தந்த எச்சரிக்கை

நோயற்ற நாடு என்று 2010-களின் தொடக்கத்தில் நம் நாடு அறிவிக்கப்பட்டது. ஆனால் 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் மீண்டும் தலைகாட்டியது. 2017 ஜூலையில் அதுவரை அந்நோயை அறியாத சரவாக்கில், கலிமந்தான் எல்லையை ஒட்டிய செரியான் வட்டாரத்தில் அது பரவியது. முதலில் உயிரிழந்தவர்கள் சிறுவர்கள். அப்போதிருந்து அம்மாநிலத்தில் இறந்தோர் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிவிட்டது.

நீண்ட வீடுகளிலும் ஆற்றோரக் கம்பங்களிலும் நாய் என்பது வேட்டைத் துணை, தோட்டக் காவல். கட்டிப்போடும் வழக்கமில்லை. சாலையில்லாத ஊர்களுக்கு மருந்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துப் படகில் கொண்டு செல்ல வேண்டும். எழுபது விழுக்காடு என்று எழுதுவது எளிது. அதை ஆண்டுதோறும் அடைவது எவ்வளவு கடினம் என்பதைச் சரவாக் கால்நடைத் துறையினர் நன்கறிவர். அண்டை நாடான சிங்கப்பூர் 1953 முதல் நோயற்ற நாடு. ஆயினும் அது 2018-இல், தெருநாய்களில் எழுபது விழுக்காட்டுக்கு மேல் கருத்தடை செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. வீட்டில் தீப்பற்றாதபோதே வாளியில் நீர் வைத்துக்கொள்வது போன்றது அது.

சட்டமும் மாறியிருக்கிறது. 1953-ஆம் ஆண்டு விலங்குகள் சட்டத்தில் கொடுமைக்கு நெடுங்காலம் அபராதம் 200 ரிங்கிட்தான். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தில் அது 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை. மூன்றாண்டு சிறையும் உண்டு.

எங்கள் பள்ளியில் நடந்தது

தாய் நாய்க்குக் கருத்தடையும் தடுப்பூசியும் ஆயின. ஐந்து குட்டிகளில் ஒன்று வயிற்றுப்போக்கு நோயால் இறந்தது. நான்கிற்கு வீடு கிடைத்தது. அவற்றில் ஒன்றை எடுத்துச் சென்றவர் வேன் தருவதாகச் சொன்ன அதே தந்தை. மருத்துவச் செலவை ஆசிரியர்களும் சில பெற்றோரும் பகிர்ந்துகொண்டோம். பக்கத்துக் கம்பத்தைச் சேர்ந்த பாக்சிக் ஒருவர், தாகித்த நாய்க்கு நீர் தந்தவரை இறைவன் மன்னித்தார் என்ற நபிமொழியை நினைவூட்டி, தன் வேலியோரம் தண்ணீர்ப் பாத்திரம் வைத்தார்.

எல்லாரும் மனநிறைவு அடைந்துவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். முன்பொருமுறை நாய் கடித்துத் தையல் போடப்பட்ட மாணவனின் தாயார், "சார், ஊசி போட்டாலும் பல் பல்தானே? என் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தாய் நாய் பள்ளி வளாகத்துக்குள் வராதபடி வேலியைச் செப்பனிட்டோம். உணவு வைக்கும் இடத்தைப் பள்ளியிலிருந்து தள்ளி மாற்றினோம். மாணவர்களுக்குச் சில பழக்கங்களைக் கற்பித்தோம். அவற்றை உங்கள் பள்ளியிலும் கற்பிக்கலாம்:

- நாய் நெருங்கினால் ஓடாதே, கத்தாதே. கைகளை உடலோடு ஒட்டி, மரம்போல் நில். அதன் கண்ணை உற்று நோக்காதே.
- உண்ணும் நாயையும் குட்டிகளோடு உள்ள நாயையும் நெருங்காதே.
- கடித்தாலோ கீறினாலோ, காயம் சிறிதாயினும், உடனே ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவு.
- வீட்டில் மறைக்காதே, பெரியவரிடம் சொல். பெரியவர்கள் தாமதியாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

நான்காவது பழக்கம்தான் உயிர்காக்கும். ஏச்சுக்கு அஞ்சிப் பிள்ளைகள் கடியை மறைப்பது வழக்கம். அவர்கள் அஞ்சாமல் சொல்லும்படி நடந்துகொள்வது நம் கடமை.

அண்மையில் ஊருக்குச் சென்றபோது என் தந்தையிடம் மணியைப் பற்றிக் கேட்டேன். எழுபத்தைந்து வயதாகிறது அவருக்கு. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சுட்டுப்புடுவாங்கன்னுதான் கொண்டுபோய் விட்டேன். அந்தக் காலத்துல வேற என்னப்பா தெரியும்?" என்றார். உண்மைதான். அவருக்கு வேறு வழி தெரிந்திருக்கவில்லை. நமக்குத் தெரியும்.

உங்கள் மாணவர்களிடம் ஒரு வேலை கொடுங்கள். தோட்டத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டியிடம், லயத்து நாய்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சியைக் கேட்டு எழுதி வரச் சொல்லுங்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத வரலாறு உங்கள் மேசைக்கு வந்து சேரும்.